குழந்தை யார் ஆத்துக் குழந்தை?

(நமது சங்கத்தின் மும்பை உறுப்பினர்கள் குடும்பத்துடன் கூடிய சந்திப்பில், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரியான மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். சொந்தக் குடும்ப விஷயம் என்பதால், அவர் விருப்பப்படி பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.)



காரியதரிசி என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "மூத்த குடிமக்கள் டெபாசிட், நாமினேஷன், உயில், இதில் ஏதாவது ஒன்று பேசுங்கோ மாமா" என்றார். முப்பத்தாறு வருஷம் பாங்கில் குப்பை கொட்டினவனிடம் வேறு என்ன கேட்பார்கள்? நான்தான் வேறு விஷயம் பேசுகிறேன் என்று சொல்லி, இந்த இருபது நிமிஷத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். விஷயம் விவாகரத்து. அதிலும், விவாகரத்துக்குப் பிறகு குழந்தையின் கதி.

"மேடையில் பேசுகிற விஷயமா இது?" என்று சிலர் நினைக்கலாம். நம் பத்திரிகையின் வரன் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். முன்பெல்லாம் கோத்திரம், நக்ஷத்திரம், சம்பளம் என்று மூன்று வரியில் முடியும். இப்போது "மறுமணம்" என்று தனித் தலைப்பே இருக்கிறது. அதில் சில விளம்பரங்களில் "குழந்தை தாயிடம், நோ என்கம்பரன்ஸ்" என்று போட்டிருக்கும். வீட்டுக் கடன் கேட்டு வருகிறவர்களின் வில்லங்கச் சான்றிதழை வாழ்நாள் முழுவதும் சரிபார்த்தவன் நான். என்கம்பரன்ஸ் என்றால் வில்லங்கம். பெற்ற குழந்தை வில்லங்கம் ஆகிவிட்டது! முதல் தடவை படித்தபோது சிரித்தேன். என் பேரனும் ஒரு விளம்பரத்தில் இப்படித்தான் குறிப்பிடப்படுவான் என்று தோன்றியபோது சிரிப்பு நின்றுவிட்டது.

என் பெண்ணுக்கு 2009இல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஹைதராபாத்தில் வேலை. 2011இல் பேரன் பிறந்தான். 2015 ஜூன் மாதம், இரண்டு பெட்டியோடும் நாலு வயசுக் குழந்தையோடும் பெண் முலுண்டில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து நின்றாள். அடி உதை, வரதட்சணை, குடி என்று எதுவும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை. யார் மேல் தப்பு என்று இங்கே சொல்லப்போவதில்லை. அந்த வருஷம் என்னைக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் சொல்லியிருப்பேன்.

வக்கீலைப் பார்த்தோம். வழக்குப் போட்டோம். 2016இல் குடும்ப நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. குழந்தை தாயிடம் இருக்கும். மாதத்தில் முதல் சனி, மூன்றாம் சனி, காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை தகப்பனார் பார்க்கலாம். முதலில் சில மாதங்கள் நீதிமன்றத்திலேயே குழந்தைகளுக்கென்று இருக்கும் அறையில், பிறகு வெளியே அழைத்துப் போகலாம். இவ்வளவுதான் உத்தரவு.

இனிமேல் சொல்லப்போவது என் கதை. பாங்க்காரன் இல்லையா, எனக்கு டைரி எழுதும் பழக்கம் உண்டு. பின்னால் ஒரு நாள் 2017ஆம் வருஷ டைரியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். வருஷத்துக்கு 24 சனிக்கிழமைகள். அதில் பேரன் அப்பாவைப் பார்த்தது 10 தடவை. மீதி 14 தடவை ஏன் நடக்கவில்லை என்பதற்கு என் கையெழுத்திலேயே காரணம் இருக்கிறது. காய்ச்சல். ஒலிம்பியாட் பரீட்சை. மழை. சம்பந்தி ஆத்துக் கல்யாணம். பாட்டு கிளாஸ் மாற்றம். காய்ச்சல் என்று மட்டும் ஐந்து தடவை எழுதியிருக்கிறேன். அதில் நிஜக் காய்ச்சல் இரண்டு. ஃபோன் செய்து "குழந்தைக்கு உடம்பு சரியில்லை" என்று சொன்னதும் பெரும்பாலும் நான்தான். பெண்ணைச் சொல்ல விடமாட்டேன். அவளுக்குப் பொய் வராது.

அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் வெள்ளிக்கிழமை ரயில் ஏறி, சனிக்கிழமை விடியற்காலை தாதரில் இறங்கியிருப்பார். நான் காலை எட்டு மணிக்கு ஃபோன் செய்வேன். வேண்டுமென்றே எட்டு மணிக்கு.

பேரனிடம் அவனுடைய அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கூடத் தப்பாகச் சொன்னதில்லை. இதில் எனக்குக் கர்வமே உண்டு. ஆனால் நானும் என் சம்சாரமும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசுவோம். "அந்த மனுஷர்" என்போம். அவன் ஹாலில் படம் வரைந்துகொண்டிருப்பான். இரண்டு அறை ஃபிளாட்டில் தாழ்ந்த குரல் என்று எதைச் சொல்வது?

2018 மே மாதம். எங்கள் சொஸைட்டியில் பத்து வருஷமாக இருந்த வாட்ச்மேன் ஊருக்குத் திரும்புகிறார். கிளம்புகிற அன்று மாலை என்னைக் கேட் பக்கம் கூப்பிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். "பாபாவின் சாமான். புது ஆளிடம் கொடுத்தால் தொலைந்து போகும்" என்றார். பையில் ஒரு டென்னிஸ் பந்து, இரண்டு டிங்கிள் புத்தகம், ஒரு பென்சில் பெட்டி, பாதி தீர்ந்த பிஸ்கட் டப்பா, குழந்தைகள் கட்டும் கடிகாரம் ஒன்று. அப்பாவைப் பார்த்துவிட்டு வரும் சனிக்கிழமைகளில் அவன் அதை வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டு மாடி ஏறியிருக்கிறான். விளையாடப் போகும்போது கடிகாரத்தைக் கட்டிக்கொள்வான். திரும்பும்போது கழற்றிக் கொடுத்துவிடுவான். கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் இப்படி நடந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாது.

ராத்திரி அவனிடம் மெதுவாகக் கேட்டேன். "யாராவது கொண்டுவரக் கூடாதுன்னு சொன்னாளாடா?"

"யாரும் சொல்லலை தாத்தா. கொண்டு வந்தா பாட்டி முகம் மாறிடும். அம்மா அன்னிக்கு சரியா சாப்பிட மாட்டா."

ஏழு வயசு. பெரியவர்கள் நாலு பேர் செய்யத் தவறிய காரியத்தை, எல்லார் மனசும் நோகாமல் பார்த்துக்கொள்கிற காரியத்தை, அந்தக் குழந்தை ஒரு வாட்ச்மேனை வைத்துக்கொண்டு செய்திருக்கிறான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து டைரியை எடுத்தேன். அப்போதுதான் அந்த 24இல் 10 கணக்கு தெரிந்தது.

அடுத்த மூன்றாம் சனிக்கிழமை நானே பேரனை அழைத்துக்கொண்டு போனேன். மூன்று வருஷமாக மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசியது கிடையாது. "காபி சாப்பிடறேளா?" என்று கேட்டேன். அவர் முகத்தில் பயம்தான் தெரிந்தது. புதிதாக என்ன வம்பு என்று நினைத்திருப்பார். பேரன் ஐஸ்கிரீம் வாங்கப் போன நேரத்தில், பாதி கேட்டும் கேட்காமலும், "நிறைய தடவை வீணா வந்துட்டுப் போயிட்டேள்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "டிக்கெட் எல்லாம் வெச்சிருக்கேன் மாமா. பெரியவனாகி, அப்பா ஏன் வரலைன்னு கேட்டான்னா காட்டணும்" என்றார்.

அவர் ஒரு பக்கம் டிக்கெட் சேர்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஒரு பக்கம் டைரி எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டுமே ஒரே குழந்தைக்கு எதிர்காலத்தில் தாக்கல் செய்யப்போகும் சாட்சியம்!

அதற்குப் பிறகுதான் சட்டத்தை ஒழுங்காகப் படித்தேன். அதற்கு முன் சட்டம் என்றால் எங்களுக்குச் சாதகமானது எது என்று மட்டும்தான் பார்த்தேன். நம்மவர்களிடம் உலவும் தப்பபிப்பிராயங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

"அஞ்சு வயசு வரை அம்மா, அதற்கப்புறம் அப்பா" என்று பலர் நினைக்கிறார்கள். 1956ஆம் வருஷத்து ஹிந்து மைனர் மற்றும் கார்டியன்ஷிப் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இயற்கைக் கார்டியன் தகப்பன், அவருக்குப் பின் தாய் என்கிறது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஐந்து வயது ஆன மறுநாள் குழந்தை கைமாறும் என்று எங்கும் இல்லை. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, குழந்தையின் நலனே தலையாய விஷயம் என்கிறது. மற்றதெல்லாம் அதற்குக் கீழேதான்.

"அவருக்குப் பின்" என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மைனர் பிள்ளை பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க, தானே கார்டியனாகக் கையெழுத்துப் போட்டபோது, தகப்பனார் கையெழுத்து கேட்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். "பின்" என்றால் தகப்பனின் ஆயுளுக்குப் பின் என்று மட்டும் பொருள் இல்லை. தகப்பன் பொறுப்பில் இல்லாத நிலையையும் குறிக்கும் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. அந்த வருஷம் நான் கிளை மேனேஜர். எத்தனை தாய்மார்களை "சாரை அழைச்சிண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்பியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

"கஸ்டடி கிடைத்துவிட்டால் ஜெயித்தாச்சு" என்பது இன்னொன்று. கஸ்டடி உத்தரவு நிரந்தரம் இல்லை. ஹிந்து திருமணச் சட்டம் 26ஆம் பிரிவின்படி நிலைமை மாறினால் அவ்வப்போது மாற்றலாம். குழந்தைகள் பெற்றோரின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொம்மையும் இல்லை என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் 1973இலேயே ரோஸி ஜேக்கப் வழக்கில் சொல்லிவிட்டது. 2020இல் யசிதா சாஹூ வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஒருவரிடம் கஸ்டடி கொடுக்கும்போது, மற்றவர் எப்போது, எப்படிப் பார்க்கலாம் என்பதை உத்தரவிலேயே விவரமாக எழுத வேண்டும், ஊர் தூரமாக இருந்தால் ஃபோன், வீடியோ மூலம் பேசவாவது வழி செய்ய வேண்டும். பெற்றோர் இருவரின் அன்பும் குழந்தைக்குச் சேர வேண்டியது. நான் எட்டு மணிக்கு ஃபோன் செய்து மாப்பிள்ளையின் சனிக்கிழமையைப் பறித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். பறித்தது பேரனுடைய சனிக்கிழமையை.

குழந்தையை "யாரிடம் இருக்க ஆசை?" என்று ஜட்ஜ் கேட்பாரா என்று பலர் கேட்கிறார்கள். விவரம் தெரிந்த வயது என்றால் அதன் விருப்பத்தையும் கருதலாம் என்று 1890ஆம் வருஷத்து கார்டியன் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. இத்தனை வயது என்று கணக்கு இல்லை. ஆனால் அதற்காகக் குழந்தைக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்து அழைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள்.

பிள்ளை, பெண் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு விஷயம். குழந்தைகளைப் பிற நாட்டுக்குக் கொண்டுபோவது பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் "குழந்தையோடு இந்தியா வந்துவிடு, இங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1993ஆம் வருஷச் சட்டப்படி, மற்றவரின் உரிமையைத் தடுக்கும் எண்ணத்தோடு குழந்தையை நாட்டை விட்டுக் கொண்டுபோவது கிரிமினல் குற்றம். இங்கே வந்தபின் நம் நீதிமன்றம் என்ன சொல்லும் என்பதும் நிச்சயம் இல்லை. 2017இல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் குழந்தை இங்கே தாயிடமே இருக்கட்டும் என்றது உச்ச நீதிமன்றம். நான் முன்னே சொன்ன யசிதா சாஹூ வழக்கில் குழந்தையோடு அமெரிக்கா திரும்பச் சொன்னது. ஒவ்வொன்றும் அந்தந்தக் குழந்தையின் நலனைப் பொறுத்தது. ஆகவே தாத்தா பாட்டி டிக்கெட் போடுவதற்கு முன் இரண்டு நாட்டு வக்கீலையும் கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அடிக்கிறவர், குடித்துவிட்டு வருகிறவர், குழந்தைக்கே ஆபத்தானவர் என்றால் நான் சொல்வது எதுவும் பொருந்தாது. 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவில், தீங்கு வரும் என்றால் சந்திப்பையே மறுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அப்படிப்பட்ட பெண்ணிடம் போய் "அனுசரிச்சுப் போ" என்று யாரும் உபதேசம் செய்ய வேண்டாம். எங்கள் ஆத்து விஷயம் அது இல்லை. எங்கள் ஆத்தில் இருந்தது கோபம் மட்டும்தான்.

என் மனசு மாறியவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. "இப்போ அவர் பக்கம் பேசறேளாப்பா?" என்று பெண் கேட்டாள். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. வாட்ச்மேன் கொடுத்த பையை அவள் கையில் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை அந்தக் கடிகாரம் டிவி பக்கத்தில் இருந்தது. அவள்தான் வைத்திருக்கிறாள்.

பிறகு நீதிமன்றக் கவுன்சலர் முன்னால் நாலைந்து தடவை உட்கார்ந்தார்கள். 2019இல் பரஸ்பர சம்மதத்தோடு விவாகரத்து ஆனது. சேர்ந்து வாழ அவர்களால் முடியவில்லை. ஆனால் சேர்ந்து ஒரு காகிதம் எழுத முடிந்தது. அதில் என்னென்ன எழுதினோம் என்று சொல்கிறேன், யாருக்காவது உபயோகப்படலாம்.

சந்திப்பு நாள், நேரம், கொண்டுவிடும் இடம். ஒரு நாள் தவறினால் அதற்கு ஈடு எந்த நாள். கோடை விடுமுறையில் பாதி அங்கே, பாதி இங்கே. தீபாவளி ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே. வாரம் இரண்டு நாள் ராத்திரி ஏழரை மணிக்கு வீடியோவில் பேச்சு. அப்போது மற்றவர்கள் அந்த அறையில் இருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கும். ரிப்போர்ட் இருவருக்கும் போகும். ஆஸ்பத்திரி என்றால் அன்றே தகவல். பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும். பணம் எந்தத் தேதியில் வரும். "பணம் வரவில்லை, குழந்தையைக் காட்டமாட்டேன்" என்பதும் கூடாது. "குழந்தையைக் காட்டவில்லை, பணம் தரமாட்டேன்" என்பதும் கூடாது. இரண்டும் தனித்தனிக் கணக்கு.

2020இல் ஊரடங்கு வந்து ரயில் நின்றபோது, இந்த ஏழரை மணி வீடியோதான் அப்பாவையும் பிள்ளையையும் காப்பாற்றியது. ஹைதராபாத்திலிருந்து அவர் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். நான் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஹிந்து படிப்பேன்.

2022இல் பேரனுக்குப் பூணூல் போட வேண்டிய நேரம் வந்தது. இங்கே என் கடைசி சபலத்தையும் சொல்லிவிடுகிறேன். குழந்தையை வளர்த்தது நான், சந்தி வேளையில் ஸ்லோகம் சொல்லிக்கொடுத்தது நான். பிரம்மோபதேசமும் நானே செய்தால் என்ன என்று ஆசை. வாத்தியாரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் புன்னகையோடு, "அப்பா இருக்காரோல்லியோ? கூப்பிட்டா வருவாரோல்லியோ? அப்புறம் என்ன கேள்வி?" என்றார்.

வந்தார். தன் அப்பா அம்மாவையும் அழைத்து வந்தார். ஏழு வருஷம் கழித்துச் சம்பந்திகள் எங்கள் வாசலில். பட்டுத் துணிக்குள் அப்பாவும் பிள்ளையும் தலையைச் சேர்த்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் பிக்ஷை அம்மா போட்டாள். ஒரே மேடையில் இருவரும் இருந்தார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. என் சம்சாரம் மட்டும் பந்தியில் அவர் இலைக்கு இரண்டாவது தடவை பாயசம் போடச் சொன்னாள். எட்டு வருஷத்தில் அவள் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். அவருக்கும் புரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் பேரன் அவனுடைய அப்பாவிடம், "என் ரூமைப் பாக்கறியா?" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனான். வாட்ச்மேன் அறையில் இருந்த சாமான்களெல்லாம் இப்போது அங்கே அலமாரியில் இருக்கின்றன.

என் வயதுக்காரர்களுக்கு மட்டும் கடைசியாக ஒரு வேண்டுகோள். பெண்ணோ பிள்ளையோ வீடு திரும்பினால் கதவைத் திறங்கள், சாதம் போடுங்கள், வக்கீலுக்குப் பணம் வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் வழக்கை நீங்கள் நடத்தாதீர்கள். சண்டை போடுகிறவர்கள் இருவர்தான். நாம் நாலு பேர் சேர்ந்தால் ஆறாகிறது. அவர்கள் கோபம் என்றைக்காவது ஆறினாலும் நம் கோபம் ஆறுவதில்லை, ஏனென்றால் நமக்கு வேறு வேலை இல்லை. சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசுவதையும் விட்டுவிடுங்கள். குழந்தை கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

குழந்தை யார் ஆத்துக் குழந்தை என்று நாங்கள் நாலு வருஷம் சண்டை போட்டோம். கோத்திரம் அந்த ஆத்தினுடையது, வளர்ந்தது இந்த ஆத்தில். இப்போது அவன் நண்பர்களிடம் "எங்க முலுண்ட் ஆம், எங்க ஹைதராபாத் ஆம்" என்று இரண்டையும் சொல்கிறான். அவனுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

அந்த 2017 டைரி இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அப்பா வராத சனிக்கிழமைகளைப் பற்றி அவன் இதுவரை கேட்கவில்லை. 18 வயது ஆகும்போது கேட்டாலும் கேட்காவிட்டாலும் நானே எடுத்துக் காட்டி, "அப்பா வந்தார்டா, நான்தான் பொய் சொன்னேன்" என்று சொல்வதாக இருக்கிறேன். அதற்குள் எனக்கு வாய் வர வேண்டும் அல்லவா? அதனால்தான் முதலில் உங்களிடம் சொல்லிப் பார்த்தேன்.